பன்னிரண்டரை மணி மரண அறிவிப்பு

அத்தியாயம் 17

செத்துப்போனவள் வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கே எழுந்து, பல் விளக்கி, கோகோ டீ குடித்து, ஆறு மணி மினிபஸ்ஸில் ஜன்னலோர இடத்தையும் பிடித்துவிட்டாள்.

பெயர் அன்செல்மா. வயது நாற்பத்தேழு. லாம்பி பே ரிசார்ட்டின் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். ரத்தக் கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை, மூட்டுவலிகூட மழை நாளில்தான். இப்பேர்ப்பட்டவள் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டாள் என்ற செய்தி அவளுக்கே போன வாரம்தான் தெரிந்தது.

நிலப் பதிவு அலுவலகத்தில் வாங்கிய நகல் அவள் கைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது. படித்துப் படித்து மடிப்பு கிழிய ஆரம்பித்திருந்தது.

'குத்பர்ட் சார்ல்மேன் ஆகிய நான் சத்தியமாகச் சொல்வது என்னவென்றால், என் ஒரே தங்கை அன்செல்மா மார்ட்டினிக் தீவில் வாரிசு இல்லாமல் இறந்துபோனாள். ஆகவே ஆன்ஸ் லாம்பி ஊரில் உள்ள குடும்ப நிலத்துக்கு மிஞ்சிய வாரிசு நான் ஒருவனே.'

செயின்ட் லூசியாவில் குடும்ப நிலம் என்றால் அந்தக் குடும்பத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் சொந்தம். ஒரு தலை ஆடாவிட்டாலும் விற்க முடியாது. ஆடாத தலையைக் காகிதத்தில் சாகடித்துவிட்டால் விற்கலாம். அண்ணன் அதைத்தான் செய்தான். கடலோரப் பாதியை விற்றுவிட்டு டொரண்டோவுக்குப் போய்விட்டான். அங்கே ரிசார்ட் எழும்பியது. மார்ட்டினிக்கில் பதின்மூன்று வருடம் உழைத்துவிட்டுத் திரும்பிய அன்செல்மா, தான் ஓடி விளையாடிய மணலுக்குப் பக்கத்திலேயே அடுத்தவர் அழுக்கைத் துவைக்க வேலைக்குச் சேர்ந்தாள்.

மிஞ்சியது மேட்டில் அரை ஏக்கர். அதில் அவள் வீடு இருக்கிறது, ஒரு சீமைப்பலா மரம் இருக்கிறது, அம்மாவின் கல்லறை இருக்கிறது. நாளை சனிக்கிழமை பத்து மணிக்கு அதுவும் போகப்போகிறது.

கையெழுத்துப் போட குத்பர்ட்டே வந்திருக்கிறான், மனைவி மார்வாவோடு. பதினைந்தாவது கல்யாண நாளாம். ரிசார்ட்காரர்கள் ஏழாம் நம்பர் சூட்டில் வைத்து ஒரு வாரமாக உபசரிக்கிறார்கள். தினமும் கட்டிலில் காகிதப்பூ இதழ்களால் இதயம் வரைந்துவைக்கிறார்கள். அந்த இதயம் விரிப்பில் விடுகிற சிவப்புக் கறையைத் தேய்த்து எடுப்பது அன்செல்மா. ஞாயிறு முதல் வியாழன்வரை ஐந்து இதயங்களைத் தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் வன்மம் ஒரு சுற்று பெருத்தது.

சலவைக்கூடம் பின்கட்டில் இருப்பதால் அண்ணன் கண்ணில் அவள் படவில்லை. படவும் விரும்பவில்லை. கண்ணில் படுவதற்கு ஒரு நேரம் இருக்கிறது.

அவன் தெரிந்தேதான் பொய் சொன்னான் என்பதற்கு அவளிடம் ஒரு சாட்சி இருந்தது. அதாவது, இல்லாத சாட்சி. இந்தத் தீவில் யார் செத்தாலும் பகல் பன்னிரண்டரைக்கு ரேடியோவில் சொல்லியாக வேண்டும். பெயர், வீட்டில் அழைக்கும் பெயர், விட்டுச்சென்ற உறவுகள், செத்தவருக்காக ஊர் கூடி உட்காரும் விழிப்பு எங்கே, அடக்கம் எப்போது. ரேடியோ சொல்லாதவரை மருத்துவர் சொன்னாலும் ஊர் நம்பாது. குத்பர்ட் தங்கையின் சாவை நீதிமன்றத்தில் சொன்னான், ரேடியோவில் சொல்லவில்லை. உண்மையாகவே செத்தாள் என்று நினைத்திருந்தால் சொல்லாமல் இருப்பானா?

அதனால்தான் அவள் மினிபஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்லாமல் விட்டதை அவள் சொல்லப்போகிறாள்.

*

தலைநகர் காஸ்ட்ரீஸின் ரேடியோ நிலையத்தில் மரண அறிவிப்பு ஜன்னலில் மிஸ் யூடாக்சி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடமாகத் தீவின் சாவுகளைத் தட்டச்சு செய்கிறவள். அழுகிறவர்களுக்குக் கொடுக்க டிஷ்யூ பெட்டி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். அன்செல்மா வறண்ட கண்ணோடு நிற்பதைப் பார்த்து அவள் பெட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"யாரு தவறினது?"

"அன்செல்மா சார்ல்மேன்."

"எப்போ?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

மிஸ் யூடாக்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"துணி துவைச்சிட்டு இருந்தேன்."

"சாவுக்கு அத்தாட்சி வேணும். சும்மா வாயால சொன்னா போட முடியாது. போன வருஷம் ஒருத்தன் மாமியாரைப் போடச் சொல்லிட்டான். அந்தம்மா நேரா இங்கயே வந்து நின்னுடுச்சு."

அன்செல்மா நகலை எடுத்து நீட்டினாள். சத்தியப் பிரமாணம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. மிஸ் யூடாக்சி இரண்டு தடவை படித்தாள்.

"சரி, அத்தாட்சி பலமாத்தான் இருக்கு. நீங்க இறந்தவங்களுக்கு என்ன உறவு?"

"நான்தான் அது."

தட்டச்சுச் சத்தம் நின்றது. மிஸ் யூடாக்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். காகிதத்தையும் பார்த்தாள்.

"கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயத்தை ரேடியோவுக்குக் கொண்டுவந்திருக்கீங்களே."

"கோர்ட்டுக்குப் போனா தேதி குடுப்பாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அவன் கையெழுத்துப் போடறான். ஊரு முன்னாடி என் மூஞ்சியைப் பார்த்து 'இவ என் தங்கச்சி'ன்னு ஒரே ஒரு வார்த்தை அவன் வாயில வந்தாப் போதும். இந்தப் பேப்பர் செத்துடும். என் வீடு பிழைச்சுடும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஊரே அவனைப் பார்த்துக்கிட்டு நிக்கும். டொரண்டோவுக்குப் போனாலும் அந்தப் பார்வை கூடவே வரும்."

மிஸ் யூடாக்சி ஒரு புதுத் தாளை இயந்திரத்தில் செருகினாள்.

"எங்க வீட்லயும் ஒரு அண்ணன் இருக்கான்," என்றாள். "மெதுவா சொல்லுங்க. வீட்ல கூப்பிடற பேரு எதையும் விட்டுடாதீங்க."

*

பதினொரு மணிக்கு அன்செல்மா வீடு திரும்பியபோது கணவன் அல்ஃபோன்ஸ் சீமைப்பலா மரத்தடியில் ஒரு பலகையோடு குந்தியிருந்தான். கையில் தூரிகை. பக்கத்தில் கறுப்பு பெயின்ட் டப்பா.

அவன் ரிசார்ட்டில் கண்ணாடி அடித்தளம் போட்ட சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். வளைகுடாவில் எந்தப் படகுக்குப் பெயர் எழுத வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அச்சடித்தது மாதிரி தனித்தனி எழுத்தாக எழுதுவான். ஆங்கில எஸ் எழுத்தின் வாலை மட்டும் தூண்டில் முள்ளைப்போல வளைத்துவிடுவான். அந்த முள் ஒன்றே அவன் கையெழுத்து.

விழிப்புக்கு வழிகாட்டும் பலகை எழுதச் சொல்லி நேற்றே ஆணையிட்டிருந்தாள். இதுவரை 'அன்செல்மா' என்ற பெயரை மட்டும்தான் எழுதி முடித்திருந்தான். அதன் நடுவில் எஸ் வளைந்து நின்றது.

"ஒரு பேரு எழுத ஒரு காலையா?"

"கை நடுங்குது சேல்," என்றான், வீட்டில் அழைக்கும் பெயரால்.

நடுங்காமல் என்ன செய்யும்? குத்பர்ட் வந்து இறங்கியதிலிருந்து இவனுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ரிசார்ட் வேலை போய்விடுமே என்ற பயம் என்று அவள் நினைத்தாள். புருஷன்காரன் பயந்தாங்கொள்ளி என்பது இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குத் தெரியாத சேதியா?

"விட்டுடலாமே," என்றான் அவன். "மத்தியானப் படகுல மார்ட்டினிக் போயிடலாம். ஒரு வாரம் உன் சிநேகிதி வீட்ல இருந்துட்டு, இவங்க போனப்புறம் வரலாம்."

"ஒரு வாரம் கழிச்சு எந்த வீட்டுக்கு வர்றது? வீட்டைத்தான் நாளைக்கு வித்துடுவானே."

"போனா போகட்டும். வேற கட்டித் தரேன்."

"எங்கம்மா கல்லறையையும் வேற கட்டித் தருவியா?"

அல்ஃபோன்ஸ் தூரிகையை டப்பாவில் அமுக்கினான்.

"விழிப்பு நேரத்தைக் கடற்கரையில வச்சு எழுதிக்கலாம். டப்பாவையும் எடுத்துட்டு வா. உன் மேளத்தையும்."

"நானும் வரணுமா?"

"செத்தவளோட புருஷன் வராம விழிப்பு நடக்குமா? என்ன பேச்சு பேசுற நீ?"

*

பன்னிரண்டே கால் மணிக்கு அவள் கடற்கரைத் துவாலைக் குடிலுக்குள் இருந்தாள். மூங்கில் தட்டியின் இடுக்கு வழியே பார்த்தால் இருபது அடி தூரத்தில் அண்ணன்.

சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். தொப்பையின் மேல் வைக்கோல் தொப்பி. பக்கத்து நாற்காலியில் மார்வா, ஒரு சிறுமியைப்போலக் காலால் மணலைக் கிளறிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு படகு போனது. ஒரு கடல்காகம் முங்கி எழுந்தது. உலகத்தில் கவலை என்று ஒன்று இருப்பதாகவே அந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அம்மா செத்ததை இவன் அன்செல்மாவுக்குச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு மீன்காரன் சொல்லித்தான் தெரிந்தது. அன்று மார்ட்டினிக் வாழைத் தோப்பில் கத்தியும் கையுமாக நின்றபடி அவள் அழுதாள். இவன் டொரண்டோவில் தொப்பை வளர்த்திருக்கிறான்.

அன்செல்மாவின் மகள் ஜோவன், ரிசார்ட் மதுக்கூடத்தில் பரிமாறுகிறவள், ரம் பஞ்ச் தட்டோடு அவர்களிடம் போனாள். இருபது வயது. மார்ட்டினிக்கில் பிறந்தவள் என்பதால் மாமனுக்கு அவளைத் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் ஐஸ் போடவா சார்?"

"போடு மகளே. உங்க ஊரு வெயில் மாறவே இல்ல."

"நீங்க இந்த ஊரா சார்?"

"ஒரு காலத்துல," என்றான் குத்பர்ட்.

ஜோவன் திரும்பி வந்து மதுக்கூடத்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். மணி பன்னிரண்டரை. ஆர்கன் இசை மெதுவாக எழுந்தது. கண்ணாடி துடைத்தவன் துடைப்பதை நிறுத்தினான். தோட்டக்காரன் கத்தரியைக் கீழே வைத்தான். இந்த இசைக்கு இந்தத் தீவில் எல்லோரும் நிற்பார்கள்.

"வருத்தத்துடன் அறிவிக்கிறோம். ஆன்ஸ் லாம்பியைச் சேர்ந்த அன்செல்மா சார்ல்மேன், வீட்டில் அழைக்கும் பெயர் டி சேல், இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மார்ட்டினிக்கில் காலமானார் என்று அவருடைய அண்ணன் சத்தியம் செய்திருக்கிறார். அன்னாரை இழந்து வாடுவோர்: லாம்பி பே ரிசார்ட் ஏழாம் நம்பர் சூட்டில் ஓய்வெடுத்துவரும் அண்ணன் குத்பர்ட், வீட்டில் அழைக்கும் பெயர் கப்ரி. அண்ணி மார்வா. கணவர் அல்ஃபோன்ஸ். மகள் ஜோவன். மற்றும் ஏழாம் நம்பர் விரிப்புகளைத் துவைத்துவரும் சலவைக்கூடத் தோழிகள். விழிப்பு இன்று மாலை நான்கு மணிக்கு, ரிசார்ட் கடற்கரையில். இந்த அறிவிப்பு தாமதமாக வருவதற்கு இறந்தவர் வருந்துகிறார்."

கப்ரி என்றால் ஆடு. சின்ன வயதில் எதையாவது மென்றுகொண்டே இருப்பான் என்று அம்மா வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்ல இன்று உயிரோடு இருப்பது அன்செல்மா ஒருத்திதான்.

குத்பர்ட் கையிலிருந்த கோப்பை மணலில் விழுந்தது. எழுந்தான். தொப்பி உருண்டதைக்கூட எடுக்கவில்லை. தடுமாறித் தடுமாறி அறையைப் பார்த்து நடந்தான். மார்வா வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

'வசமா மாட்டிக்கிட்ட,' என்று அன்செல்மா நினைத்தாள். பல வருடங்களில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

*

நான்கு மணிக்கு ஊர் வந்தது.

பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். காபிக் கொப்பரையும் உப்புமீனும் பொரித்த ரொட்டியும் தலையில் சுமந்து பெண்கள் வந்தார்கள். டோமினோ மேஜை வந்தது. ரம் வந்தது. ஏழாம் நம்பர் சூட்டுக்கு நேர் எதிரே, பாதாம் மர நிழலில் எல்லோரும் இறங்கி உட்கார்ந்தார்கள். அல்ஃபோன்ஸின் பலகை முன்னால் நட்டுவைக்கப்பட்டது.

மேனேஜர் டை பறக்க ஓடிவந்தார். "இங்க கெஸ்ட் எல்லாம் ரிலாக்ஸ் பண்றாங்க. இதெல்லாம் பண்ணக் கூடாது."

ஊரில் எந்த விழிப்பு என்றாலும் முன்னின்று நடத்துகிற மா டிட்டின் அவருக்கு ஒரு ரொட்டியை நீட்டினாள். "சாப்பிடு தம்பி. அலை நனைக்கிற மணலு அரசாங்கத்தோடது. நாங்க அதுல உக்காந்திருக்கோம். உன் புல்லு மேல ஒரு கால் பட்டா அப்ப வந்து கேளு."

வக்கீலைப் பார்க்கலாமா என்று மேனேஜர் திரும்பினார். ரிசார்ட்டின் வக்கீலோ தன் அறை வராந்தாவில் நின்றுகொண்டு, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி, காது கேளாதவர் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடல் தொடங்கியது. தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி எதுவும் புரியாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காபி வாங்கிக்கொண்டது.

அன்செல்மா வெள்ளை உடையில், முகத்தை மறைக்கும் அகலத் தொப்பியோடு, பெண்களுக்கு நடுவில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜோவன். எதிரே அல்ஃபோன்ஸ், மடியில் மேளம். அடி ஒவ்வொன்றும் தப்பித் தப்பி விழுந்தது.

ஏழாம் நம்பர் கதவு திறந்தது.

அவர்கள் ஒளிந்துகொள்வார்கள், அல்லது சண்டைக்கு வருவார்கள் என்று அன்செல்மா கணக்குப் போட்டிருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. மார்வா கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். கையில் ஒரு முழு பாட்டில் ரம். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. குத்பர்ட் வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வருகிறவன் மாதிரி வந்தான்.

'நல்லா நடிக்கிறாங்க,' என்று நினைத்தாள்.

"வா கப்ரி," என்றாள் மா டிட்டின், ரேடியோவில் கேட்ட பெயரால். "செத்தவளோட அண்ணன்தான் முதல் சொட்டு ஊத்தணும். பேரைச் சொல்லி ஊத்து."

குத்பர்ட் பாட்டிலை வாங்கினான். மணலில் ரம்மைச் சரித்தான்.

"சேல்," என்றான். "என்னை மன்னிச்சுடு. உன்னைக் கூட்டிட்டு வந்து நம்ம மண்ணுல வைக்க என்னால முடியல."

இதற்காகத்தானே காத்திருந்தாள். அன்செல்மா எழுந்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"நீ எதுக்கு அண்ணா சிரமப்படணும்? நானே மினிபஸ் புடிச்சு வந்துட்டேன்."

பாட்டு நின்றது. மேளம் நின்றது. குத்பர்ட் அவளைப் பார்த்தான். ஓடவில்லை, மறுக்கவில்லை. தொண்டையிலிருந்து சின்னப் பிள்ளையின் சத்தம் ஒன்று வந்தது. டோமினோ மேஜையை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தான்.

"என் தங்கச்சி," என்றான் ஊரைப் பார்த்து. "இவ என் தங்கச்சி. உயிரோட இருக்கா."

அவள் கேட்ட வார்த்தை வந்துவிட்டது. பிடுங்க வேண்டியதாக இருக்கும் என்று நினைத்திருந்ததை அவன் தானாகவே கொட்டினான். அது அவளுக்கு ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. அவன் கைகளைத் தட்டிவிட்டாள்.

"தொடாத. சாகடிச்சவன் கை அது. நான் செத்தேன்னு நெசமாவே நம்பியிருந்தா ரேடியோவுல ஏன் போடல? விழிப்பு ஏன் வைக்கல? சொல்லு."

"அதானே," என்றது கூட்டம்.

"அம்மா விடல," என்றான் குத்பர்ட். "லெட்டர் வந்த அன்னிக்கே ரேடியோவுக்குக் கிளம்பினேன். அம்மா வாசல்ல படுத்துட்டா. 'உடம்பைப் பார்க்காம எம் பொண்ணைச் செத்தவள்னு எவனும் சொல்லக் கூடாது. சொன்னா நானே கடல்ல போயிடுவேன்'னு சொல்லிட்டா. அவ உயிரோட இருந்த வரைக்கும் நான் வாயைத் திறக்கல. அவ போனப்புறம் எனக்கு இந்த ஊரைப் பார்க்கவே பிடிக்கல. வித்துட்டுப் போயிட்டேன். மேட்டுல யாரோ வந்து குடியேறியிருக்காங்கன்னு வக்கீல் சொன்னாரு. அது நீன்னு எனக்கு எப்படித் தெரியும் சேல்?"

மா டிட்டின் மெல்லச் சொன்னாள். "உங்கம்மா கடைசி வருஷம் பூரா மார்ட்டினிக் படகு வர்ற நாளெல்லாம் துறையில போய் உக்காருவா. மீனுக்கு நிக்கிறான்னுதான் நாங்க நினைச்சோம்."

அன்செல்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வெறுப்பதற்கு ஒருவனை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நின்றிருந்தாள்.

"எந்த லெட்டரு?"

மார்வா கைப்பையைத் திறந்தாள். "ஒவ்வொரு நவம்பரும் இவரு ரெண்டு மெழுகுவர்த்தி ஏத்துவாரு. ஒண்ணு அத்தைக்கு, ஒண்ணு உங்களுக்கு. இந்தத் தடவை அத்தை கல்லறையிலேயே ஏத்தலாம், இந்த லெட்டரையும் அங்கயே புதைச்சிடலாம்னு நான்தான் சொன்னேன். அந்த இடத்தை விக்கறதுக்கு முன்னாடி."

பிறகு வராந்தாவைப் பார்த்துத் திரும்பினாள். "வக்கீல் சார், நாளைக்குக் கையெழுத்து கிடையாது. செத்தவங்க வந்துட்டாங்க."

வக்கீல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீடு பிழைத்தது. அதற்குச் சந்தோஷப்பட அன்செல்மாவுக்கு அப்போது நேரமில்லை. அவள் கடிதத்தைப் பிரித்திருந்தாள்.

மஞ்சளேறிய ஒற்றைத் தாள். ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி எழுதியதாக இருந்தது. 'உங்கள் தங்கை காய்ச்சலில் இறந்துவிட்டாள். இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம். நீங்கள் வர வேண்டாம்.' அவ்வளவுதான். அச்சடித்தது மாதிரி தனித்தனி எழுத்துகள்.

அவள் தோளுக்கு மேலிருந்து ஜோவனும் படித்தாள். பிறந்ததிலிருந்து அப்பா படகுக்குப் பெயர் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்த பெண். தலையைத் தூக்கி, மணலில் நட்டிருந்த பலகையைப் பார்த்தாள்.

அன்செல்மா மகளின் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். பலகையில் அவள் பெயர். நடுவில் அந்த எஸ். கடிதத்தில் எஸ் வந்த இடமெல்லாம் அதே தூண்டில் முள்.

இருபத்திரண்டு வருடம் முன்பு, கிறிஸ்துமஸ் படகில் வீட்டுக்கு வருகிறேன் என்று அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, ஊருக்குப் போகும் ஒரு புதுச் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பினாள். நல்ல பையன். பயந்த சுபாவம். எழுத்து அழகாக இருக்கும். பதில் வரவில்லை, அவளும் போகவில்லை. அவனையே கட்டிக்கொண்டாள். பிறகு டொரண்டோவிலிருந்த அண்ணனுக்கு எட்டுக் கடிதங்கள் எழுதினாள். எட்டையும் டவுனில் தபாலில் போட்டவன் அவன்தான்.

ஊர் முழுவதும் அல்ஃபோன்ஸைப் பார்த்தது. அண்ணனுக்காக அவள் ஏற்பாடு செய்திருந்த அதே பார்வை.

அல்ஃபோன்ஸ் மேளத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தான். கடலில் நின்ற தன் படகை ஒரு தடவை பார்த்தான். ஜோவன் நான்கு எட்டு நடந்து, படகுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். அங்கிருந்து நகரவில்லை.

"சேல்," என்றான் அவன். "நீ ஊருக்குப் போயிட்டா திரும்பி வரமாட்டேன்னு..."

அன்செல்மா கையை உயர்த்தினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. ஒருவர் இருவராக எழுந்துகொள்ளத் தொடங்கினார்கள்.

"யாரும் போகாதீங்க," என்றாள் அவள். "காபி இருக்கு. ரம் முழு பாட்டில் இருக்கு. விழிப்பு நடக்கட்டும்."

"யாருக்கும்மா விழிப்பு?" என்றாள் மா டிட்டின். "நீதான் இருக்கியே."

அன்செல்மா பலகையை மணலிலிருந்து பிடுங்கினாள். அதைத் திருப்பி, எழுதாத பின்பக்கம் தெரியும்படி அல்ஃபோன்ஸின் முன்னால் நட்டாள். டப்பாவில் தூரிகையைத் தோய்த்து அவனிடம் நீட்டினாள். கறுப்புச் சொட்டுகள் வெள்ளை உடையில் விழுந்தன. கறை எடுக்கத் தெரிந்தவள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

"உன் பேரை நீயே எழுது," என்றாள். "உன் எழுத்து நல்லாருக்கும்."

"ஏன் பண்ணினேன்னு கேக்க மாட்டியா?"

"முதல்ல எழுது. செத்தவங்ககிட்டத்தான் நான் இப்பல்லாம் பேசுறது."